கொருக்குப்பேட்டை, சி பிளாக், பொதுச்சுவர்

கூட்ஸ் வண்டி போய் முடியட்டும் என்று
பதினொரு நிமிடம் நின்றேன்.
ஐம்பத்தெட்டுப் பெட்டி.
எண்ணியது நானில்லை,
மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதாத பையன்.

பன்னிரண்டு முகமுள்ள ஒலிபெருக்கி
தேவக்கனி வீட்டுக் கூடத்தில்.
இந்தப் பக்கம், ரோஸ்லின் வீட்டில்,
மீட்டரைப் பிடித்தபடி நான்.
அங்கே இரைச்சலைத் திறந்துவிட்டு
அங்கே எத்தனை இங்கே எத்தனை என்று குறித்து
கழித்தால் மிஞ்சுவது சுவர்.

புகார் கொடுத்தது ரோஸ்லின்.
காசிமேட்டில் ராவெல்லாம் இறால் உரித்துவிட்டு
வெயிலேறிய பிறகு வந்து படுப்பவள்.
காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள்:
பக்கத்து வீட்டு மிக்சி. தினம். மத்தியானம் ரெண்டு மணி.

மடிக்கணினியில் என் அட்டவணை.
ஆஸ்திரியா ஐம்பத்தைந்து
ஜெர்மனி ஐம்பத்து மூன்று
இங்கிலாந்து நாற்பத்தைந்து
நம் நூலிலும் உண்டு, ஐம்பது,
பசை விட்டுப்போகாத பக்கமொன்றில்.

நாற்பத்தைந்தைப் பார்த்ததும்
ஒப்பந்தக்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது:
"வெள்ளக்காரன் செவுரே அவ்ளோதானா?"

இல்லை சார்.
பூக்காரம்மா முழமும் துணிக்கடை முழமும்
பெயரளவில்தான் ஒன்று.
ஒரு நாடு சோதனைக்கூடத்தில் நிற்கும் சுவரை அளக்கிறது,
ஒரு நாடு கட்டி முடித்த வீட்டை.
வெறும் அறை எதிரொலிக்கும் என்று
ஒருவர் அதையும் கணக்கில் சேர்க்கிறார்.
இங்கிலாந்துக்காரர் அடித்தொண்டை ஓசைகளுக்கு,
லாரி, ஊஃபர், அந்த மாதிரி,
தனியாக அபராதம் போட்டுவிட்டுத்தான்
நாற்பத்தைந்து கேட்கிறார்.
பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்
ஒப்பிட்டதாக ஆகிவிடாது.

இந்தச் சுவர்
எந்த முழத்தில் போட்டாலும் முப்பத்தெட்டு.

நாலரை அங்குலச் செங்கல்
இதைவிடத் தாங்குமே என்று
சுவரெங்கும் காதை வைத்துப் பார்த்தேன்.
ஸ்விட்ச் பெட்டி.
இரண்டு வீட்டுப் பெட்டியும் முதுகோடு முதுகு,
நடுவில் ஒயர் போக ஓட்டை,
ஓட்டையில் ஒரு கரப்பான் மீசை.

ஒலிபெருக்கி ஓய்ந்த இடைவெளியில்
ரோஸ்லின் கேட்டாள், மெதுவாகத்தான்:
"மேடம், வாய்வுட்டு அழுதா
வெளிய கேக்காத செவுரு
எந்த நாட்ல கீது?"

அட்டவணையை மேலும் கீழும் நகர்த்தினேன்.
பேச்சுக்கு இருக்கிறது, டிவிக்கு இருக்கிறது,
மாடியில் நடப்பவர் குதிகாலுக்கு,
கக்கூஸ் தொட்டி நிரம்புவதற்குக்கூட.

"ஐம்பத்து மூணு இருந்தா
கத்தினாலும் வார்த்தை புரியாதும்மா."

"அழுவறதுல வார்த்தை ஏது மேடம்."

அப்போதுதான் சுவர் பேசியது,
தரையிலிருந்து நாலடி உயரத்தில்,
ஃபேன் ரெகுலேட்டருக்குக் கீழே:
"ரோசு, எட்டு மாசமா ரெண்டு மணிக்கு
மிக்சில இன்னாத்த அரைக்கிறேன்னு நெனச்ச?
வெறும் ஜார்தான் ஓடுது.
எங்கூட்டுப் புள்ளைங்க கேக்கக் கூடாதுன்னு."

பிள்ளைகளுக்காகவா, இவளுக்காகவா,
தொந்தரவா, தயவா,
குரலில் பிரித்தெடுக்க முடியவில்லை.
அதற்கும் எங்களிடம் கருவியுண்டு,
ஓசையை மூன்றில் ஒரு பங்காக நறுக்கி
தனித்தனியாகக் காட்டும்.
எடுக்கத் தோன்றவில்லை.

ரோஸ்லின் எழுந்தாள்.
நன்றி சொல்லவில்லை, திட்டவுமில்லை.
இறால் முள் குத்திக் குத்தி
விரல்நுனி வெளுத்த கையை விரித்து
ஸ்விட்ச் பெட்டியை மூடிப் பிடித்தாள்.
ஒரு ஸ்விட்ச் அழுந்தி
லைட் அணைந்தது.

அப்படியே நின்றாள்.
அந்தப் பக்கமும் யாரோ
அப்படியே நிற்கிற மாதிரி இருந்தது.
மீட்டர் இருபத்தொன்பதில் ஆடிக்கொண்டிருந்தது.

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
பின்னணி ஓசை. அளவு செல்லாது.
மறுபடி எடுக்க வேண்டும்,
படியிலிருந்து பையன் கத்துகிறான்,
கேட் போடுகிறார்களாம்,
அடுத்த வண்டி வருவதற்குள்.